எக்ஸ்-பிளேன் 12: ஆட்-ஆன் தகராறு செய்தால் எங்கே தேடுவது, எந்த வரிசையில்

எக்ஸ்-பிளேன் என்ற விமான சிமுலேட்டரில் புது விமானம், புது ஏர்போர்ட், நாலைந்து பிளகின் (கூடுதல் வேலைகளைச் செய்யும் சிறு மென்பொருள்) என்று ஆட்-ஆன்களைச் சேர்த்துக்கொண்டே போவோம். ஒரு நாள் லோடிங் திரையிலேயே நின்றுவிடும். இல்லையென்றால் ரன்வே கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். உடனே பலரும் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். ஒரு முழு நாள் போகும். பழைய ஆட்-ஆன்களைத் திரும்பப் போட்டதும் அதே கிராஷ் திரும்ப வந்து நிற்கும்.

ரீஇன்ஸ்டால் தேவைப்படுவது அபூர்வம். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகள் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும். கீழே இருப்பது அந்த வரிசைதான். விண்டோஸை வைத்து எழுதியிருக்கிறேன், மேக்கில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. கை வைக்கும் முன்

எக்ஸ்-பிளேன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கியிருந்தால் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காமன் என்பதற்குள் இருக்கும். சிலருக்குப் பழைய எக்ஸ்-பிளேன் 11-ம் பக்கத்திலேயே கிடக்கும். பழையதில் ஃபைலை மாற்றிவிட்டு, புதியதில் ஒன்றும் மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, அந்த ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கக்கூடாது. அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் அனுமதி கேட்கும். ஆட்-ஆன் தன் செட்டிங்கைச் சேமிக்கப் போகும்போது சத்தமில்லாமல் தோற்கும். ஒன்டிரைவோடு இணைந்த டெஸ்க்டாப்பிலும் வேண்டாம், ஃபைல்கள் பாதியில் மேகத்துக்குப் போய்விடும். டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிறகு மூன்றுக்கு மட்டும் பேக்கப் எடுங்கள்: அவுட்புட் ஃபோல்டருக்குள் இருக்கும் பிரிஃபரன்சஸ் ஃபோல்டர், ரிசோர்சஸுக்குள் இருக்கும் பிளகின்ஸ் ஃபோல்டர், கஸ்டம் சீனரிக்குள் இருக்கும் சீனரி_பேக்ஸ் என்ற ஐஎன்ஐ ஃபைல். மொத்த சிமுலேட்டரையும் நகலெடுக்கத் தேவையில்லை. ஜாய்ஸ்டிக் பட்டன் அமைப்பு பிரிஃபரன்சஸில்தான் இருக்கிறது. அதை இழந்தால் ஒவ்வொரு பட்டனையும் மறுபடி உட்கார்ந்து ஒதுக்க வேண்டும்.

சிமுலேட்டரின் உள்ளே இல்லாத இன்னொரு ஃபோல்டரையும் உருவாக்கி, 'ஒதுக்கியவை' என்றோ வேறு எப்படியோ பெயர் வையுங்கள். இனி எதையும் அழிக்கப்போவதில்லை, இங்கே நகர்த்தத்தான் போகிறோம்.

2. கோளாறு எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

"ஓடமாட்டேங்குது" என்பதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதே பாதி விடை.

ஐகானைத் தட்டியதும் மெயின் மெனு கூட வராமல் மூடினால் பொதுவாகப் பிளகின் அல்லது கிராபிக்ஸ் டிரைவர். மெனு வந்து, விமானமும் இடமும் தேர்ந்தெடுத்த பிறகு லோடிங்கில் விழுந்தால் சீனரியோ (தரை, கட்டடம், ஏர்போர்ட் காட்சிகள்) அந்த விமானமோ. குறிப்பிட்ட ஒரு ஊரை நெருங்கும்போது மட்டும் விழுந்தால் அந்த ஊரின் சீனரி. எங்கே பறந்தாலும், எந்த விமானம் ஆனாலும் கொஞ்ச நேரத்தில் விழுந்தால் மறுபடி பிளகினைச் சந்தேகப்படலாம், இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்புகிறது.

கிராஷே இல்லை, பார்க்க மட்டும் தப்பாக இருக்கிறது என்றால் (கட்டடம் ரன்வே மேலே நிற்கிறது, டெர்மினலைக் காணோம்) நேராக 7-ஆம் பகுதிக்குப் போகலாம்.

3. வெறும் சிமுலேட்டர் ஓடுகிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவர்களே இல்லை. ஆனால் சிமுலேட்டரே உடைந்திருந்தால் ஆட்-ஆனை ஆராய்ந்து என்ன பயன்?

முதலில் பிளகின்ஸ் ஃபோல்டரைத் திறந்து, நீங்கள் சேர்த்தவற்றை மட்டும் 'ஒதுக்கியவை'க்கு நகர்த்துங்கள். பிளகின்அட்மின் என்ற ஃபோல்டரையும், எக்ஸ்பிஎல்எம்_64, எக்ஸ்பிவிட்ஜெட்ஸ்_64 என்ற டிஎல்எல் ஃபைல்களையும் தொடாதீர்கள். அவை எக்ஸ்-பிளேனுடையவை. பிளகின்ஸ் ஃபோல்டரை அப்படியே மொத்தமாகத் தூக்கிவிட்டு, டிஎல்எல் காணவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பதறுவது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும். உங்கள் ஆட்-ஆனின் கோளாறு ஒரு பக்கம் இருக்க, புதிதாக ஒன்றை நீங்களே உண்டாக்கியது போலாகிவிடும்.

பிறகு கஸ்டம் சீனரி ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து மாற்றுங்கள். எக்ஸ்-பிளேன் தனக்கு வேண்டியதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பிரிஃபரன்சஸ் ஃபோல்டருக்கும் இதே வைத்தியம்.

இப்போது கூடவே வரும் செஸ்னா 172-ஐ, நீங்கள் எதையும் சேர்க்காத ஒரு ஏர்போர்ட்டில் வைத்துப் பத்து நிமிடம் பறக்க விடுங்கள். விழுந்தால் ஆட்-ஆன் மேல் பழி இல்லை. எக்ஸ்-பிளேன் இன்ஸ்டாலரை ஓட்டி அப்டேட் கொடுங்கள். அது மூல ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மாறிப்போனதையும் காணாமல் போனதையும் திரும்ப வைக்கும். ஸ்டீம் என்றால் ஃபைல் ஒருமைப்பாட்டைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதோடு கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்துவிட்டு மறுபடி செஸ்னாவில் ஏறுங்கள்.

'வல்கன் டிவைஸ் லாஸ்' என்று பெட்டி வந்து நின்றால் அதுவும் முதலில் இந்தப் பக்கத்துச் சமாச்சாரமே. கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். கார்டை வழக்கத்தைவிட வேகமாக ஓட ஓவர்கிளாக் செய்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

செஸ்னா ஒழுங்காகப் பறந்தால் நல்ல சேதி. கோளாறு நீங்கள் ஒதுக்கிவைத்த குவியலுக்குள் இருக்கிறது.

4. லாக் ஃபைலைப் படிப்பது

எக்ஸ்-பிளேன் ஃபோல்டரின் மேல்மட்டத்திலேயே லாக் என்ற டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். ஒவ்வொரு முறை சிமுலேட்டரைத் திறக்கும்போதும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கும். அதனால் கிராஷ் ஆன உடனே, மறுபடி திறப்பதற்கு முன், அதை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். "இன்னொரு தடவை திறந்து பார்த்தேன், இப்போது சரியாக ஓடுகிறது, லாக் இதோ" என்று அனுப்புபவர்கள் அனுப்புவது நல்லபடியாக ஓடிய தடவையின் லாக்கை. அதில் கிராஷ் எப்படி இருக்கும்?

நோட்பேடில் திறந்து நேராகக் கடைசி வரிக்குப் போங்கள். மேலிருந்து படிக்க ஆரம்பித்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் தொலைந்துபோவோம். கடைசியில் மூன்றில் ஒன்று இருக்கும்.

ஒன்று, நேரடியான வாக்குமூலம்: இந்தப் பிளகினால் இந்த அப்ளிகேஷன் கிராஷ் ஆனது என்று கோடுகளுக்கும் அடைப்புகளுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதில் பிளகினின் பெயர். பாதி வேலை முடிந்தது. பாதிதான், ஏனென்றால் விழுந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த பிளகினின் பெயரையே எக்ஸ்-பிளேன் எழுதுகிறது. அந்தப் பிளகின் வேறொன்று கெடுத்துவைத்த தகவலைப் படிக்கப் போய்த் தடுக்கி விழுந்திருக்கலாம். அதனால் பெயர் வந்ததைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். விழாமல் ஓடினால் அதன் புதிய பதிப்பைத் தேடுங்கள். கழற்றிய பிறகும் விழுந்து, இம்முறை வேறு பெயர் வந்தால், இரண்டையுமே விட்டுவிட்டு 5-ஆம் பகுதிக்குப் போங்கள்.

இரண்டாவது, கிராஷ் ஆனது என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அப்போது அதற்கு மேலே உள்ள முப்பது நாற்பது வரிகளைப் படியுங்கள். கடைசியாக எந்த ஃபைலைத் திறக்கப் போனது, எந்தச் சீனரியின் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒன்றுமே இல்லாமல் ஒரு வரியின் நடுவில் லாக் அறுந்து நிற்கும். சிமுலேட்டருக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. டிரைவர், நினைவகப் பற்றாக்குறை, மின்சாரம் என்று கணினிப் பக்கம் பார்க்க வேண்டியது இது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அதே நேரத்துக்கு எதிரே ஏதாவது பதிவாகியிருக்கும்.

வரிகளின் தொடக்கத்தில் நேரமும், பிறகு ஓர் ஆங்கில எழுத்தும், சாய்கோடும், மூன்று எழுத்துச் சுருக்கமும் வரும். ஐ என்றால் வெறும் தகவல், டபிள்யூ என்றால் எச்சரிக்கை, ஈ என்றால் பிழை. எஸ்சிஎன் என்றால் சீனரி. நோட்பேடின் தேடும் பெட்டியில் ஈ, சாய்கோடு இரண்டையும் அடித்துத் தேடினால் பிழைகள் மட்டும் வரிசையாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: நன்றாக ஓடும் சிமுலேட்டரின் லாக்கிலும் பிழை வரிகள் கொட்டிக்கிடக்கும். எங்கோ ஒரு இலவச ஏர்போர்ட்டில் ஒரு மரத்தின் படம் இல்லை என்பதற்கெல்லாம் ஒரு வரி வரும். 3-ஆம் படியில் செஸ்னா ஒழுங்காகப் பறந்தபோது வந்த லாக்கை எடுத்து வைத்திருந்தால் இங்கே கை கொடுக்கும். இரண்டிலும் இருக்கும் பிழையை விட்டுவிடலாம், கிராஷ் லாக்கில் மட்டும் இருப்பதைத் துரத்துங்கள்.

ஃபிளைவித்லுவா (லுவா மொழியில் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் பிளகின்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு டீபக் லாக்கும் அதே இடத்தில் உண்டு. அதையும் திறந்து பாருங்கள்.

5. பாதிப் பாதியாகப் பிரிப்பது

லாக் பெயர் சொல்லாவிட்டால் இதுதான் வழி. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எக்ஸ்-பிளேன் ஒரு முறை லோட் ஆகவே சில நிமிடங்கள் ஆகும்.

32 ஆட்-ஆன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16-ஐ மட்டும் திரும்பப் போட்டு ஓட்டுங்கள். விழுந்தால் குற்றவாளி இந்த 16-க்குள். விழவில்லை என்றால் வெளியே இருக்கும் 16-க்குள். அந்த 16-ஐ 8, 8 ஆகப் பிரியுங்கள். பிறகு 4, 2, 1. ஐந்தே ஓட்டத்தில் ஒன்றில் வந்து நிற்கும்.

இது பலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதே விமானம், அதே ஏர்போர்ட், அதே வானிலை, அதே நேரம். விமானமும் ஏர்போர்ட்டும் கோளாறு வந்த அன்று இருந்தவையாகவே இருக்கட்டும். நடுவில் "இதையும் சேர்த்து அப்டேட் செய்துவிடுவோமே" என்று கை நீளும், நீள விடாதீர்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

பிளகினையும் சீனரியையும் கலந்து பிரிக்காதீர்கள். முதலில் எல்லாப் பிளகினையும் ஒதுக்கிவிட்டுச் சீனரி அனைத்தையும் போட்டு ஓட்டுங்கள். அப்புறம் மாற்றி. எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகே பாதியாக்கல்.

சில நேரம் எந்தப் பாதியைப் போட்டாலும் ஓடும், இரண்டையும் சேர்த்தால் மட்டும் விழும். அப்படியென்றால் இரண்டு ஆட்-ஆன் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, பாதிக்கு ஒன்றாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன. முதல் பாதியை முழுதாக வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் பிரித்துக்கொண்டே போங்கள், ஒன்று சிக்கும். அதை உள்ளே வைத்துக்கொண்டு முதல் பாதியைப் பிரியுங்கள், மற்றது சிக்கும். வானிலையை மாற்றும் பிளகின் இரண்டு, கேமராவைப் பிடித்துக்கொள்ளும் பிளகின் இரண்டு என்று ஒரே வேலைக்கு இருவர் இருந்தால் முதலில் அவர்களைப் பிரித்துவைத்துச் சோதியுங்கள்.

6. ஏறவே ஏறாத பிளகின்

கிராஷ் இல்லை, ஆனால் பிளகின்ஸ் மெனுவில் பெயரே வரவில்லை என்றால் லாக்கில் அந்தப் பிளகினின் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் ஃபோல்டர் தப்பான இடத்தில் இருக்கிறது. பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் அதன் சொந்த ஃபோல்டர், அதற்குள் 64 அல்லது வின்_எக்ஸ்64 என்று இன்னொரு ஃபோல்டர், அதற்குள் எக்ஸ்பிஎல் என்று முடியும் ஃபைல். இந்த அடுக்கு மாறினால் எக்ஸ்-பிளேன் கண்டுகொள்ளாது.

பெயர் இருந்து, பக்கத்தில் எரர் கோட் என்று ஓர் எண் இருந்தால் அது விண்டோஸ் கொடுக்கும் எண்.

126 என்றால் பிளகினுக்குத் துணையாக வேண்டிய ஏதோ ஒரு டிஎல்எல் கணினியில் இல்லை. பிளகின் ஃபைல் அங்கேயே கண்முன் இருக்கும், "காணவில்லை என்கிறதே" என்று குழப்பம் வரும். காணாமல் போனது அது அல்ல, அது தேடிப் போனது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் 64 பிட் பதிப்பைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

127 என்றால் டிஎல்எல் கிடைத்தது, ஆனால் அதில் எதிர்பார்த்த பகுதி இல்லை. பிளகினுக்கும் சிமுலேட்டருக்கும் பதிப்பு பொருந்தவில்லை. 193 என்றால் ஃபைலே பொருத்தமற்றது: 32 பிட் காலத்துப் பிளகின், அல்லது டவுன்லோட் பாதியில் அறுந்தது. 5 என்றால் அனுமதி மறுப்பு.

ஆன்டிவைரஸ் எக்ஸ்பிஎல் ஃபைலைத் தூக்கிப் பூட்டிவைப்பதும் உண்டு. அன்சிப் செய்தபோது இருந்தது, இப்போது இல்லை என்றால் அதன் குவாரன்டைன் பட்டியலைப் பாருங்கள். டவுன்லோட் செய்த சிப் ஃபைலை விரிப்பதற்கு முன்பே ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்று இருந்தால் டிக் அடித்துவிடுங்கள். விரித்த பிறகு என்றால் ஒவ்வொரு ஃபைலாகச் செய்ய வேண்டிவரும்.

மேக்கில் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வரும். இணையத்திலிருந்து வந்த ஃபைலுக்கு மேக் ஒரு குவாரன்டைன் முத்திரை குத்தி, ஆப்பிளால் சரிபார்க்க முடியவில்லை என்று தடுக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் அனுமதிக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் எக்ஸ்-பிளேன் 12 நேரடியாக ஓடுகிறது, இன்டெல்லுக்கு மட்டும் எழுதிய பிளகின் அதில் ஏறாது. ரொசெட்டா (இன்டெல் மென்பொருளை ஓட்டித் தரும் ஆப்பிளின் வசதி) வழியாகச் சிமுலேட்டரைத் திறந்தால் ஏறும், வேகம் குறையும்.

லுவா ஸ்கிரிப்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளைவித்லுவாவை ஒரே பிளகின் என்று எண்ணுகிறோம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தனி ஆட்-ஆன்தான். எக்ஸ்-பிளேன் 12-க்கு என்ஜி பிளஸ் பதிப்பு வேண்டும், 11-க்கான என்ஜி போதாது. தப்பு செய்யும் ஸ்கிரிப்ட்டை அது தானே குவாரன்டைன் ஃபோல்டருக்கு நகர்த்திவிடும், "நேற்று இருந்த ஸ்கிரிப்ட் எங்கே" என்று தேடுபவர்கள் அங்கே பார்க்கலாம். மேகம், வெளிச்சத்தை அழகாக்குவதாகச் சொல்லும் 11 காலத்து ஸ்கிரிப்ட்டுகளை நான் முதலில் தூக்குவேன். அவை சிமுலேட்டரின் உள் அமைப்புகளில் கை வைப்பவை. அந்த உள் அமைப்புகள் எந்த அப்டேட்டிலும் மாறும், யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

7. சீனரி: இடம், வரிசை, லைப்ரரி

முதலில் இடம். கஸ்டம் சீனரிக்குள் இருக்கும் ஏர்போர்ட் ஃபோல்டரைத் திறந்த உடனே எர்த் நாவ் டேட்டா என்ற ஃபோல்டர் தெரிய வேண்டும். லைப்ரரி என்றால் லைப்ரரி என்ற டெக்ஸ்ட் ஃபைல் தெரிய வேண்டும். சிப்பை விரிக்கும்போது அதே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகிவிடுவது சகஜம். கஸ்டம் சீனரி, அதற்குள் சென்னை, அதற்குள் இன்னொரு சென்னை, அதற்குள்தான் சரக்கு என்று இருக்கும். எக்ஸ்-பிளேன் ஒரு படிதான் இறங்கிப் பார்க்கும். உள்ளே இருப்பதை ஒரு படி மேலே நகர்த்தினால் போதும். ஏர்போர்ட் வரவே இல்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது வரிசை. சீனரி_பேக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சீனரிக்கும் ஒரு வரி இருக்கும். மேலே இருப்பதற்கு முன்னுரிமை. புதிதாகச் சேர்க்கும் எதையும் எக்ஸ்-பிளேன் தானாக மேலே வைத்துவிடும். சிக்கல் பிறப்பது இங்கேதான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: நீங்கள் சேர்த்த ஏர்போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே. அவற்றுக்குக் கீழே நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருக்கும் குளோபல் ஏர்போர்ட்ஸ் வரி. அதற்கும் கீழே கட்டடம், காடு போன்றவற்றைப் பரப்பும் ஓவர்லேக்கள். அடியில் ஆர்த்தோ எனப்படும் செயற்கைக்கோள் படத்தரை. அதற்கும் அடியில் மெஷ், அதாவது நிலத்தின் மேடுபள்ள வடிவம். லைப்ரரிகள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அவை தானாக எதையும் வரைவதில்லை.

காரணம் தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டாம். எக்ஸ்-பிளேன் உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை விமான நிலையம் அட்சம் 12, தீர்க்கம் 80 என்ற கட்டத்தில் வருகிறது. அந்தக் கட்டத்துக்காகப் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். தரையைத் தரும் முதல் சீனரியைக் கண்டதும், அதற்குக் கீழே இருப்பவற்றை அந்தக் கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாது. புதிதாகப் போட்ட ஆர்த்தோ பட்டியலின் உச்சியில் உட்கார்ந்தால் கீழே இருக்கும் கட்டடங்களெல்லாம் மாயமாவது அதனால்தான். ஒரே கட்டத்துக்கு இரண்டு மெஷ் இருந்தால் மேலே இருப்பது மட்டும் தெரியும், மற்றது வட்டில் சும்மா கிடக்கும்.

கட்டடங்கள் இரட்டையாக, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தெரிகின்றனவா? ஒவ்வொரு ஏர்போர்ட்டும் தன் எல்லைக்குள் கீழ்நிலைச் சீனரி எதையும் வரையாதே என்று ஒரு விலக்குப் பகுதி வைத்திருக்கும். அந்த விலக்கு தனக்குக் கீழே இருப்பவற்றிடம்தான் செல்லும். ஏர்போர்ட் குளோபல் ஏர்போர்ட்ஸுக்குக் கீழே போயிருந்தால் மேலே தூக்குங்கள். ஒரே ஏர்போர்ட்டுக்கு இரண்டு தயாரிப்பாளர்களின் சீனரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சீனரியைத் தற்காலிகமாக நிறுத்த ஃபோல்டரை நகர்த்தவே வேண்டாம். அதன் வரியின் முதல் சொல்லோடு ஓர் அடிக்கோடும் டிசேபிள்டு என்ற சொல்லும் பெரிய எழுத்தில் சேர்த்தால் போதும். பாதிப் பாதியாகப் பிரிக்கும்போது இது மிச்சம் பிடிக்கும் நேரம் கொஞ்சமல்ல. ஆனால் சிமுலேட்டர் மூடியிருக்கும்போது மட்டும் திருத்துங்கள்.

ஃபைலையே அழித்துவிட்டால் எக்ஸ்-பிளேன் புதிதாக அகர வரிசையில் எழுதிக்கொள்ளும். ஆர்த்தோ, மெஷ் ஃபோல்டர்களின் பெயருக்கு முன்னால் பலரும் ஆங்கில எழுத்து இசட் சேர்ப்பது இதை நம்பித்தான். வரிசைப்படுத்தித் தரும் மென்பொருள்களும் உண்டு. முதல் சில மாதங்கள் கையால் செய்வதே நல்லது என்பேன், எது ஏன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

மூன்றாவது லைப்ரரி. இலவச ஏர்போர்ட்டுகள் தங்கள் கட்டடங்களையும் வண்டிகளையும் ஓபன்சீனரிஎக்ஸ், மிஸ்டர்எக்ஸ் லைப்ரரி போன்ற பொதுக் களஞ்சியங்களிலிருந்து கடன் வாங்கும். களஞ்சியம் உங்களிடம் இல்லையென்றால் சீனரியில் கோளாறு, லாக்கைப் பாருங்கள் என்று ஒரு பெட்டி வரும். லாக்கில் ஃபைல் கிடைக்கவில்லை என்ற ஈ வரி இருக்கும். அதில் இரண்டு விஷயம்: தேடிய ஃபைலின் பாதை, கேட்ட சீனரியின் பெயர். பாதையின் முதல் சொல் பெரும்பாலும் லைப்ரரியின் பெயராகவே இருக்கும். அதை இறக்கிக் கஸ்டம் சீனரியில் போடுங்கள். இறக்கும் முன் அந்தச் சீனரியோடு வந்த ரீட்மீயைத் திறந்து பாருங்கள், தேவையான லைப்ரரிகளின் பட்டியல் அங்கே இருக்கும். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

8. ஒரு விமானத்தில் மட்டும் கோளாறு

ஒவ்வொரு விமானத்துக்கும் ஏர்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டர் வேண்டும். விமானத்தின் உள்ளேயே பிளகின்ஸ் என்ற ஃபோல்டர் இருப்பதைப் பார்த்து, அதை எடுத்து ரிசோர்சஸுக்குள் இருக்கும் பொதுப் பிளகின்ஸுக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அது அந்த விமானத்தை ஏற்றும்போது மட்டும் ஓட வேண்டியது, தன் ஃபைல்களைத் தன் ஃபோல்டரிலிருந்தே தேடும்.

கூடவே வந்த 737-ஐ மாற்றியமைக்கும் ஸிபோ போன்றவற்றை மூல ஃபோல்டரின் மேலேயே ஊற்றாதீர்கள், தனி ஃபோல்டரில் வையுங்கள். மூல ஃபோல்டரில் போட்டால் அடுத்த எக்ஸ்-பிளேன் அப்டேட் தன் ஃபைல்களைத் திரும்ப வைத்துவிடும், பாதி அவர்களுடையது பாதி இவர்களுடையது என்று ஒரு கலவை நிற்கும். முழுப் பதிப்பு ஒன்று, அதன் மேல் சிறு திருத்தப் பதிப்புகள் என்று வருபவற்றை எண் வரிசையில், அதே முழுப் பதிப்பின் மேல் மட்டும் போடுங்கள்.

எக்ஸ்-பிளேன் 11-க்கான விமானம் 12-ல் திறந்துகொள்வதாலேயே சரியாக ஓடுகிறது என்று ஆகாது. தயாரித்தவர் 12-க்கு என்று வெளியிட்ட பதிப்பு இல்லாவிட்டால் அதற்கு மேல் நோண்டிப் பயனில்லை.

காக்பிட் திரைகள் மட்டும் மின்னி மின்னி மறைகின்றனவா, உங்களுடையது ஏஎம்டி கார்டா? பிளகின்கள் பழைய ஓபன்ஜிஎல் முறையில் வரைகின்றன, சிமுலேட்டர் வல்கனில் வரைகிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வரும் தகராறு அது. கிராபிக்ஸ் செட்டிங்கில் ஸிங்க் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. டிக் செய்து, சிமுலேட்டரை மூடித் திறந்து பாருங்கள்.

எஃப்எம்சியில் (காக்பிட்டில் வழித்தடத்தைப் பதியும் கணினி) வழித்தடம் ஏற மறுத்தால் கஸ்டம் டேட்டா ஃபோல்டரைப் பாருங்கள். வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். சிமுலேட்டரில் ஒரு சுழற்சி, விமானத்தின் உள்ளே வேறு சுழற்சி, வழித்தடம் எடுத்த இடத்தில் மூன்றாவது ஒன்று என்றால் ஒத்துப்போகாது. மூன்றும் ஒரே சுழற்சியாக இருக்கட்டும், புதியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

9. விழவில்லை, ஊர்கிறது

பிளகின்ஸ் மெனுவில் பிளகின் அட்மின் திறந்தால் எந்தப் பிளகின் எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் பக்கம் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். அங்கேயே ஒவ்வொன்றையும் அணைத்தும் பார்க்கலாம்.

பிளகின்கள் எல்லாம் சாதுவாக இருந்து, படங்கள் மங்கலாகி வேகமும் விழுந்தால் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. உயர் ஸூம் அளவில் செய்த ஆர்த்தோதான் வழக்கமாக இதைத் தின்பது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

ஃபிரேம் வேகம் நொடிக்கு 20-க்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் கடிகாரத்தையே மெதுவாக்கிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஆட்டோபைலட் மந்தமாக இருக்கிறது, ஆன்லைனில் மற்ற விமானங்கள் நம்மைத் தாண்டிப் போகின்றன என்ற புகாருக்கெல்லாம் ஆட்-ஆன் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

10. உதவி கேட்கும்போது

தயாரித்தவருக்கு எழுதுவதானால் லாக் ஃபைலை முழுதாக இணையுங்கள். கடைசிப் பத்து வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் சிமுலேட்டர் பதிப்பு, கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், ஏறியிருந்த பிளகின்கள் எல்லாம் போய்விடும். அவர் முதலில் பார்ப்பது அந்த மேல்பகுதியைத்தான்.

கூடவே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த விமானம், எந்த ஏர்போர்ட், எந்தக் கட்டத்தில் விழுகிறது, மற்ற ஆட்-ஆன் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் விழுகிறதா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் வரும்.

அனுப்பும் முன் லாக்கை ஒரு முறை கண்ணோட்டம் விடுங்கள். ஃபோல்டர் பாதைகளில் விண்டோஸ் யூசர் பெயர் வெளிப்படையாக இருக்கும், பலருக்கு அது முழுப்பெயர். பொதுவில் போடுவதானால் நோட்பேடின் ரீபிளேஸ் வசதியில் அதை வேறு சொல்லாக மாற்றிவிட்டு இணையுங்கள்.